கடுவன் பூனைக்கு வந்த வைரசும் நான் சொன்ன விளக்கமும்

நான் பளையில் பிறந்து, இடம்பெயர்ந்து, அக்கராயனில் வளர்ந்தவள். போர்நிறுத்தத்தில் பாதை திறந்திருந்த அந்தச் சில ஆண்டுகளில், சுனாமியாகக் கடல் வந்து அடித்துப் போனதற்கு அடுத்த வருடம், முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. தண்ணீரூற்றில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன்.

அந்தக் குடும்பம் புத்தளத்தில் பதின்மூன்று வருடம் அகதிகளாக இருந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தது. வந்து பார்த்தபோது வீட்டில் சுவர்கள் மட்டும்தான் நின்றனவாம். பாதி வீட்டுக்குத் தகரம் போட்டுக்கொண்டு குடியேறியிருந்தார்கள். வீட்டுக்காரர் துணி வியாபாரி. மாதத்தில் பாதி நாள் வவுனியாவிலோ புத்தளத்திலோ நிற்பார். அவருடைய மனைவியை நான் ராத்தா என்று கூப்பிடுவேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவர்களுக்கு ஏழு வயதில் ஒரே ஒரு மகள்; சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் பாடசாலையின் ஆரம்பப் பிரிவில் படித்தாள்.

அந்த வீட்டில் ஒரு கடுவன் பூனையும் இருந்தது. மஞ்சள் நிறம், பெரிய தலை, ஒரு காது கிழிந்து தொங்கும். இவர்கள் திரும்பி வந்த அன்று அது குசினி இருந்த இடத்தில், இடிந்த அடுப்பு மேடையில் படுத்திருந்ததாம். எழும்பவே இல்லையாம். ராத்தா அதைச் சுற்றித்தான் சாம்பலைக் கூட்டி அள்ளியிருக்கிறார். அதன்பிறகு மீன் வெட்டுகிற நேரமெல்லாம் அதற்கும் ஒரு பங்கு. ஊரில் உள்ள மற்றக் கடுவன்களோடெல்லாம் அதற்குச் சண்டை. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் கழுத்திலோ காலிலோ ஒரு கடியோடு வந்து படுக்கும்.

அந்த வருடம் அதற்குக் கடிகள் ஆறவில்லை. மயிர் குத்திட்டுப்போய், முதுகெலும்பு தெரியத் தொடங்கியது. மீன் தலையை மோந்து பார்த்துவிட்டு விட்டுவிடும். வாயிலிருந்து எச்சில் வழியும். அப்படி இருந்த நாளில் ஒரு பின்னேரம் அது பக்கத்து வளவுக் கடுவனோடு கிணற்றடியில் கட்டிப் புரண்டது. சின்னவள் ஓடிப்போய் அதைப் பின்னால் பிடித்து இழுத்தாள். அது திரும்பி அவளுடைய வலது கையில், பெருவிரலுக்குக் கீழே, கடித்துவிட்டது.

ராத்தா கத்தவில்லை. பிள்ளையின் கையைக் கிணற்றடியிலேயே வைத்துச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டார்.

"டீச்சர், இவன்ட வாயால வழியுதே. விசராயிருக்குமோ?"

எனக்கும் அதுதான் பயம்; விசர்நாய் கடித்தால் வருகிற அதே வெறிநோய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். ஊசி போடத் தொடங்கினார்கள். பூனையை இரண்டு கிழமை, பதினாலு நாள், பார்க்கச் சொன்னார்கள். செத்தாலோ குணம் மாறினாலோ உடனே வந்து அறிவிக்க வேண்டும். அதனால் கடுவனைப் பழைய கோழிக்கூட்டுக்குள் அடைத்துவிட்டு, காலையும் மாலையும் நாங்கள் இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். அது எச்சில் வடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடி இருந்தது. பத்து நாள் கடந்தும் சாகவில்லை. சாப்பிடவும் இல்லை. விசர் இல்லாவிட்டால் வேறு என்ன என்று எங்களுக்கு விளங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் என் சினேகிதி விடுமுறையில் வந்தாள். பளையில் இருந்த காலத்தில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். அப்போது பேராதனையில் மிருக வைத்தியம் படித்து முடித்து, அங்கேயே தற்காலிகமாகப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகிற வழியில் மாங்குளத்தில் இறங்கி, என்னைப் பார்க்க ஒரு நாள் வந்து தங்கினாள். கூட்டடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோதுமைமாச் சாக்கு ஒன்றைக் கேட்டு வாங்கி, கடுவனை அதற்குள் சுற்றித் தலையை மட்டும் வெளியே விட்டு, வாயைத் திறந்து பார்த்தாள். பல் முரசு முழுவதும் சிவந்து, புண்.

"இது விசர் இல்லை. எனக்கு வேற ஒண்டில சந்தேகமா இருக்கு. ரத்தம் எடுத்துக்கொண்டு போகட்டே?" என்றாள்.

ராத்தா தலையாட்டினார். அவள் முன்னங்காலில் கொஞ்சம் மயிரை வழித்து, இரத்தம் எடுத்தாள். பளைக்குப் போய் வீட்டில் ஒரு நாள் மட்டும் நின்றுவிட்டு, குளிர்ப்பெட்டி ஒன்றில் ஐஸ் போட்டுக் குழாயை வைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். ஓமந்தைச் சாவடியில் சோதனையிட்ட ஆமிக்காரன் பெட்டியைத் திறந்து, இது யாருடைய இரத்தம் என்று மூன்று தரம் கேட்டானாம். பூனையுடையது என்று சொல்ல, மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தானாம். இதையெல்லாம் பிறகு கடிதத்தில் எழுதியிருந்தாள்.

அந்தக் கடிதம் வந்த அன்று நான் செய்ததை நினைத்தால் இப்போதும் முகம் சூடாகிறது. ராத்தா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சின்னவள் பக்கத்தில் இருந்தாள். நான் நின்றபடியே கடிதத்தைப் பிரித்து, ஏதோ பரீட்சை முடிவு வந்ததுபோல உரத்து வாசித்தேன். "உங்கள் கடுவனுக்குச் சோதனை பொசிற்றிவ். பூனைகளுக்கு வருகிற எயிட்ஸ் என்று சொல்வோமே, அந்த வைரசு."

முறம் நின்றது.

"என்ன வாசிச்சீங்க?"

அப்போதுதான் எனக்குச் சொல்லின் கனம் பிடிபட்டது. "ராத்தா, அது பூனைக்கு வாறது. மனுசருக்கு வாறது வேற..."

"எயிட்ஸ் எண்டுதானே வாசிச்சீங்க? இவன் புள்ளய கடிச்சவன் டீச்சர். ரத்தம் வந்திச்சு."

சின்னவள் தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். காயம் ஆறி, இரண்டு சின்னப் புள்ளிகள் மட்டும் இருந்தன.

நான் உடனே படிப்பிக்கிறவளாக மாறினேன். அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. அறைக்குள் போய்ப் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்துவந்து, பின்பக்கத்தில் ஒரு வட்டம் கீறினேன். இது வைரசு. வட்டத்தைச் சுற்றி முள்ளு முள்ளாகக் கீறினேன். இது அதன் மேலே இருக்கிற புரதம். பக்கத்தில் ஒரு பெரிய வட்டம். இது இரத்தத்தில் இருக்கிற வெள்ளைக் கலம், வெள்ளையணு. அதன் தோலில் ஒரு பூட்டு. முள்தான் திறப்பு, சாவி. திறப்பு பூட்டுக்குப் பொருந்தினால் வைரசு உள்ளே போகும். மனிதரின் எயிட்ஸ் வைரசு பிடிக்கிற பூட்டுக்கு சி.டி.4 என்று பெயர். பூனையின் வைரசு பூனையின் சி.டி.4இல் பிடிக்கும். பூனையின் பூட்டும் எங்கள் பூட்டும் வேறு வேறு வடிவம். ஆகவே பொருந்தாது. ஆகவே வராது.

ராத்தா தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஆனால் எனது உயர்தர மாணவர்கள் ஒருவரும் கேட்காததைக் கேட்டார்.

"அதுக்குக் கண் இருக்கா டீச்சர்? இது பூனை, இது மனுசர் எண்டு எப்பிடித் தெரியும்?"

"ஒண்டும் தெரியாது ராத்தா. சும்மா மிதந்து திரியும். எதிலயும் போய் முட்டும். பொருந்தினா ஒட்டும். பொருந்தாட்டி விலகிப் போயிடும்."

"எத்தின தரம் முட்டும்?"

"கணக்கில்லாமல் முட்டும்."

"கணக்கில்லாம முட்டியும் ஒருக்காக்கூடப் பொருந்தாதா?"

"பொருந்தாது," என்றேன். "நிச்சயமாப் பொருந்தாது."

அவர் பெருமூச்சு விட்டு, தாளை மடித்து அலுமாரிக்குள் வைத்தார். அன்று பின்னேரம் எனக்குத் தேத்தண்ணீரோடு ஒரு துண்டு வட்டிலாப்பமும் தந்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த நாள் ஆசிரியர் அறையில், புதினமான விசயமாக, இதை ஒரு சக ஆசிரியையிடம் சொன்னேன். பூனைக்கு எயிட்ஸ் வருமாம், எங்கள் வீட்டுப் பூனைக்கே வந்திருக்கிறது என்று. பிள்ளையைக் கடித்ததைச் சொன்னேனா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகம் வரவில்லை. சொல்லியிருப்பேன். ஏனென்றால் அந்தக் கிழமை முடிவதற்குள், ஆரம்பப் பிரிவில் சின்னவள் ஒரு நீள வாங்குப் பலகையில் தனியாக இருந்தாள். பக்கத்தில் இருந்தவளை அவளுடைய தாய் வந்து வேறு இடத்துக்கு மாற்றிவிட்டிருந்தார்.

வகுப்பாசிரியையிடம் போய்ப் பேசினேன். "எனக்கு விளங்குது டீச்சர், தாய்மாருக்கு விளங்கோணுமே," என்றார் அவர். ராத்தாவுக்கு இது தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்குள் சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தது. கடித்து மூன்று கிழமை இருக்கும். இரண்டாம் நாள் குளிப்பாட்டும்போது ராத்தா கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். பிள்ளையின் வலது கையைத் தூக்கிக் காட்டினார்; கமக்கட்டில் நெறி கட்டியிருந்தது. எலுமிச்சம்பழம் அளவு. தொட்டாலே அழுதாள்.

"இதுவும் பொருந்தாததுதானா?" என்று ராத்தா கேட்டார்.

நெறி என்பது வெள்ளைக் கலங்கள் கூடுகிற இடம். எயிட்ஸ் வைரசு உடம்பில் புகுந்த முதற் கிழமைகளில் காய்ச்சலும் வரும், நெறியும் கட்டும். இதை நானே கரும்பலகையில் எழுதிப் படிப்பித்திருக்கிறேன். கடித்த கை வலது கை. நெறி கட்டியதும் வலது பக்கம். நான் கீறிய படத்தில் எங்கேயோ பிழை இருக்கிறதா? ஆயிரம் கோடி தரம் முட்டியதில் ஒரு தரம் பொருந்திவிட்டதா? நிச்சயம் என்று ஏன் சொன்னேன்? அந்த நிமிடம் எனக்குப் படிப்பு, புத்தகம் எதிலும் நம்பிக்கை இல்லாமல் போனது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

கடல் அடித்த பிறகு ஆஸ்பத்திரி தற்காலிகக் கொட்டகைகளில் நடந்துகொண்டிருந்தது. வாங்குகள் நிறைய ஆட்கள். இருந்தது ஒரே ஒரு டொக்டர், பெண். காலையிலிருந்து இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது. பிள்ளையின் கமக்கட்டை அழுத்திப் பார்த்தார். கையில் உள்ள புள்ளிகளைப் பார்த்தார்.

நான் அவசரமாக எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினேன். பூனையின் இரத்தப் பரிசோதனை, வைரசு, எயிட்ஸ். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"டீச்சர், உந்தச் சொல்லை இந்தக் கொட்டகைக்குள்ள இன்னொருக்காச் சொல்லாதேங்கோ."

பின்னால் இருந்த வாங்கில் பேச்சு நின்றுபோயிருந்தது. நான் தலை குனிந்தேன்.

"பூனை கடிச்சாலும் கீறினாலும் இப்பிடி நெறி கட்டும்," என்று அவர் ராத்தாவைப் பார்த்துச் சொன்னார். "அது வேற கிருமி. வைரசு இல்லை, பக்றீரியா. பூனையின்ர நகத்திலயும் வாயிலயும் இருக்கும். மருந்து தாறன். காய்ச்சல் இறங்கும். நெறி வத்த ஒரு மாசம், ரெண்டு மாசம் எடுக்கும். பயப்பிடாதேங்கோ அம்மா."

"ரத்தம் சோதிச்சுப் பாருங்க டொக்டர்."

"எதுக்கு?"

"மற்றதுக்கு."

டொக்டர் ராத்தாவின் பக்கம் திரும்பினார். "மனுசற்ற வைரசைத் தேடுற சோதனை வவுனியாவில இருக்கு. ஆனா அது பூனையின்ர வைரசைக் காட்டாது. ரெண்டும் வேற. பூனையின்ர வைரசை மனுசரிலை தேடுற சோதனை எங்கயும் இல்லை. தேட வேண்டியும் வரேல்லை."

"அப்ப எதாலயும் தெரியாதா?"

"காய்ச்சல் இறங்கினாத் தெரியும்," என்றார் டொக்டர். பிறகு என்னைப் பார்த்து, தணிந்த குரலில் கேட்டார். "பூனையின்ர வைரசு எதிலை பிடிக்கிறது? சி.டி.4இலயோ?"

"ஓம்," என்றேன். ஆனால் முன்பு நிச்சயம் என்று சொன்னதுபோல உறுதியாக அந்த "ஓம்" வரவில்லை. அன்று பின்னேரமே சினேகிதிக்குக் கடிதம் எழுதினேன். எனக்கு ஆதாரம் வேண்டும், ஏதாவது கட்டுரை இருந்தால் அனுப்பு என்று.

நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. நெறி அப்படியே இருந்தது. ராத்தா பிள்ளையைப் பாடசாலைக்கு விடவில்லை. கடுவனின் கோப்பையை இரண்டு தரம் கழுவிவிட்டு, தன் கையை மூன்று தரம் கழுவினார். ஆனால் அதற்குச் சோறு வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. மீனை முள்ளெடுத்து, நசித்து, கூழாக்கி வைத்தார். அது புண் வாயால் கொஞ்சம் கொஞ்சமாக நக்கித் தின்றது.

இரண்டு கிழமை கழித்துச் சினேகிதியிடமிருந்து தடித்த கடித உறை வந்தது. ஆங்கிலக் கட்டுரை ஒன்றின் போட்டோப் பிரதி. போன வருடம்தான் கண்டுபிடித்ததாம். ஆசிரியர் அறையில், பாடம் இல்லாத நேரத்தில், அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். முதற் பக்கத்திலேயே எனக்கு வியர்த்தது.

பூனையின் வைரசு சி.டி.4இல் பிடிப்பதே இல்லை. அது பிடிப்பது வேறொரு மூலக்கூறில். சி.டி.134 என்று பெயர். அதுவும் எல்லாக் கலத்திலும் இராது. நோயோடு சண்டை பிடிக்க எழும்பிய கலம்தான் அதைத் தன் தோலின் மேலே உயர்த்தும். தூங்குகிற கலத்தில் வைரசுக்குப் பிடி குறைவு. எழும்பி வந்ததைத்தான் அது பிடிக்கிறது. இதை மூன்று தரம் வாசித்தேன்.

அதோடு முடியவில்லை. முதற் பிடி பிடித்ததும் வைரசின் முள் தன் வடிவத்தை மாற்றுமாம். மறைந்திருந்த ஒரு பகுதி வெளியே வருமாம். அது போய் இரண்டாவது மூலக்கூறு ஒன்றைப் பிடிக்கும். அதற்குச் சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்று பெயர். அதன்பிறகு முள்ளின் அடிப்பகுதி கலத்தின் தோலுக்குள் ஊசிபோல இறங்கி, வைரசின் தோலையும் கலத்தின் தோலையும் பக்கத்தில் இழுக்கும். இரண்டும் ஒன்றாகிவிடும். குழம்பில் மிதக்கிற இரண்டு எண்ணெய்ப் பொட்டுகள் தொட்டு ஒன்றாவதுபோல. கதவு திறப்பதில்லை. திறப்பும் இல்லை, பூட்டும் இல்லை. நான் ராத்தாவுக்குக் கீறிக் கொடுத்ததில் ஒன்றுமே சரியில்லை.

அதைவிட மோசமான ஒன்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. அந்த இரண்டாவது மூலக்கூறு மனிதரிலும் இருக்கிறது. பூனையுடையதும் எங்களுடையதும் ஏறக்குறைய ஒன்று. ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பழக்கிய சில வைரசுகள் முதற் பிடி இல்லாமலே, அந்த இரண்டாவதை மட்டும் பிடித்து, கண்ணாடித் தட்டில் மனிதக் கலங்களுக்குள்ளும் போயிருக்கின்றன.

மணி அடித்தது. வகுப்புக்குப் போனேன். பூக்கும் தாவரங்களைப் பற்றிப் படிப்பிக்க வேண்டிய பாடம். என்ன படிப்பித்தேன் என்று தெரியாது.

சனிக்கிழமை விடிய பஸ் ஏறி, மாங்குளம் போய், அங்கிருந்து கிளிநொச்சிக்குப் போனேன். சினேகிதியோடு கதைக்க ஒரு தொலைபேசிக் கடை அங்கேதான் இருந்தது. எனக்கு முன்னால் எட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளோடு கதைக்க வந்தவர்கள். என் முறை வந்ததும் சுகம்கூட விசாரிக்கவில்லை.

"நான் சி.டி.4 எண்டு சொல்லிப்போட்டனடி."

"யாருக்கு?"

"ராத்தாவுக்கு. எச்.ஐ.வி. பாடத்தை அப்பிடியே பூனைக்கு மாத்திச் சொன்னனான்."

அவள் சிரித்தாள். "முந்தி நாங்களும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருந்தனாங்கள்."

"சிரியாதை. ரெண்டாவது எங்களிட்டயும் இருக்காம். பிறகேன் வராது?"

"முதல் பிடி பிடிச்சாத்தான் முள்ளு வடிவம் மாறும். மனுசற்ற 134இலை அது பிடிக்காது."

"கண்ணாடித் தட்டிலை போயிருக்கே?"

"அது ஆய்வுகூடத்திலை பழக்கின வைரசு. கடுவன்ர வாயிலை இருக்கிறது அது இல்லை."

"அப்ப ஒருநாளும் வராதெண்டு சொல்லலாமோ?"

"இங்க பார். நானே எத்தினை தரம் கடி வாங்கியிருக்கிறன். உலகத்திலை உள்ள பூனை வைத்தியர் எல்லாரும் கடி வாங்கினவை. ஒருத்தருக்கும் வந்ததில்லை. அதைச் சொல்லு. நீ ஏன் அவாவுக்குப் பூட்டுத் திறப்புக் கதையெல்லாம் சொன்னனி?"

பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். நான் வைத்துவிட்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது, அவள் சொன்னதை மனதில் அடுக்கிப் பார்த்தேன். ஒருவருக்கும் வரவில்லை என்பது சரி. ஆனால் ஏன் வரவில்லை என்பதில் எங்கேயோ ஓர் இடைவெளி இருந்தது. அவளுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். ராத்தாவிடம் சொல்லத்தான் வேண்டுமா? பிள்ளைக்குச் சுகமாகி வருகிறது. முடிவு சரி, காரணம்தானே பிழை? சொல்லாமல் விட்டால் யாருக்கு நட்டம்? மாங்குளம் வரும்வரை சொல்வதில்லை என்றுதான் இருந்தேன். ஒட்டுசுட்டான் தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அந்தப் பிழையான தாள் இன்னும் அவருடைய அலுமாரிக்குள் இருந்தது.

ராத்தா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றபடி சொன்னேன்.

"ராத்தா, அண்டைக்கு நான் கீறித் தந்த படம் பிழை."

கத்தியை வைத்தார். "எது பிழை?"

சொன்னேன். இந்தத் தரம் படம் எதுவும் கீறவில்லை. அது பிடிக்கிற இடம் வேறு, பிடிப்பது ஒன்றல்ல இரண்டு, முதலாவது மனிதரில் இருந்தாலும் அதில் இந்த வைரசு பிடிக்காது என்று சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்த ரெண்டாவது நம்மகிட்டயும் இருக்கா?"

"ஓம்."

"அதே மாதிரியா?"

"கிட்டத்தட்ட அதே மாதிரி."

"அப்ப நமக்கும் இவனுக்கும்..." என்று தொடங்கி, கோழிக்கூட்டுப் பக்கம் பார்த்தார். திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. எனக்கும் வந்தது. ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சிரித்தோம். அவருடைய சிரிப்புத்தான் முதலில் நின்றது.

"அண்டைக்கும் நிச்சயம் எண்டுதானே சொன்னீங்க?"

"ஓம்."

"இண்டைக்குச் சொல்றது நிச்சயமா?"

"ஒருத்தருக்கும் வந்ததில்லையாம் ராத்தா. அது நிச்சயம். ஏன் வரேல்லை எண்டது எனக்கு முழுசா விளங்கேல்லை. விளங்கின ஆக்களுக்கும் முழுசா விளங்கேல்லைப் போல."

அவர் மீனைத் திருப்பிப் போட்டுச் செதில் எடுக்கத் தொடங்கினார். "தெரியாதெண்டு அண்டைக்கே சொல்லியிருந்தா, புள்ளைக்கு நெறி கட்டின நேரம் உங்களை நான் திட்டியிருக்க மாட்டன்," என்றார்.

"நீங்கள் திட்டேல்லையே?"

"மனசுக்குள்ள திட்டின எனக்குத்தானே தெரியும். பள்ளிக்கூடத்தில கதைச்சதுக்கும் சேத்துத் திட்டினேன்."

அவருக்கு அதுவும் தெரிந்திருந்தது. மன்னிப்புக் கேட்க நினைத்தேன். ஏதோ முணுமுணுத்தேன். அவர் கேட்டாரா என்று தெரியாது. அந்தக் கிழமை முழுவதும் என்னைத் தேத்தண்ணீருக்குக் கூப்பிடவில்லை. அடுத்த கிழமை சின்னவளிடம் கொடுத்தனுப்பினார். அதற்கடுத்த நாள் தானே கூப்பிட்டார்.

அந்தத் தரம் வியாபாரத்தில் நீண்ட நாள் நின்றுவிட்ட வீட்டுக்காரர், வவுனியாவிலிருந்து வந்து எல்லாக் கதையும் கேட்டார். அவரைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், பூனையைச் சாக்கில் கட்டிக் காட்டுக்குள் கொண்டுபோய் விடுவதுதான் நல்லது என்றார். கடையிலும் அப்படித்தான் கதைக்கிறார்களாம். வீட்டுக்காரர் கூட்டடிக்குப் போய்க் கடுவனைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு சொன்னார்.

"நாங்க இல்லாத காலத்தில இந்த வீட்டில இருந்தவன் இவன்தான். இவனை வெளிய போ எண்டு என்னால சொல்ல ஏலாது."

பக்கத்து வீட்டுக்காரர் எழும்பித் தன் வளவுக்குப் போனார்.

சினேகிதி எழுதியிருந்தாள்: கடுவன்கள் சண்டையில் கடித்துத்தான் இது மற்றப் பூனைகளுக்குப் போகிறது, வெளியே விடாதீர்கள், முடிந்தால் விதையை எடுத்து நலமடித்துவிடுங்கள் என்று. அரசாங்க மிருக வைத்தியர் மாடு பார்க்க வந்தபோது கேட்டேன். முதலில் சிரித்தார். பிறகு, கடுவனைப் பார்த்ததும், வாய்ப் புண்ணுக்கு மருந்து தந்து, கொஞ்சம் உடம்பு தேறட்டும் என்றார். இரண்டு மாதம் கழித்து வந்து செய்துவிட்டுப் போனார். வீட்டுக்காரர் பின் விறாந்தையைச் சுற்றிக் கம்பி வலை அடித்தார். கடுவன் அதற்குள் ஒரு பழைய சாய்வுக் கதிரையைப் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் சதை வைத்தது. சண்டைக் குணம் போய், வலைக்கு வெளியே வருகிற பூனைகளைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது.

சின்னவளின் நெறி இரண்டு மாதத்தில் கரைந்துவிட்டது. வகுப்பாசிரியை அவளைத் தன் மேசைக்குப் பக்கத்தில் இருத்தினார். ஒரு நாள் நான் ஆரம்பப் பிரிவுக்குப் போய், எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, பூனை கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று படிப்பித்தேன். சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ, ஊசி போடுங்கோ. அவ்வளவுதான். கலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய வாங்குக்காரி அடுத்த பாடசாலைத் தவணையில் தானாகத் திரும்பி வந்து பக்கத்தில் இருந்தாள். அவளுடைய தாய் கண்டும் காணாமல் விட்டுவிட்டார்.

கடுவன் அடுத்த வருட ஆரம்பத்தில் செத்தது. மழை விட்டு வெயில் வந்த நேரம். மறுபடி மெலியத் தொடங்கி, ஒரு காலையில் கதிரையிலேயே கிடந்தது. வீட்டுக்காரர் வேலியோரம் புதைத்தார். சில மாதத்தில் ஊரில் நிலைமை மாறியது. வெடிச்சத்தம் தூரத்தில் கேட்கத் தொடங்கியது. பாதை பூட்டப் போகிறார்கள் என்று கதை வந்தபோது, வீட்டுக்காரர் ஒரு லொறி பிடித்து வந்தார். தகரங்களைக் கழற்றவில்லை. உடுப்பும் பாத்திரமும் மட்டும் ஏற்றினார்கள். ராத்தா என்னை அணைத்துக்கொண்டு, "நீங்களும் வாங்க டீச்சர்," என்றார். எனக்கு அப்பா, அம்மா அக்கராயனில். நான் நின்றுவிட்டேன்.

அதன்பிறகு நடந்தது எல்லோருக்கும் நடந்ததுதான். யுத்தம் துரத்தத் துரத்த அக்கராயனிலிருந்து கிழக்கே கிழக்கே போனோம். கட்டுரையின் அந்தப் பக்கங்கள் எந்த இடத்தில் என் பையிலிருந்து போயின என்று தெரியாது.

யுத்தம் முடிந்து, வவுனியாவில் அகதி முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு சினேகிதியைக் கண்டேன். பல விசயம் கதைத்தோம். கடைசியில், எப்படியோ, அந்த வைரசுக்கும் கதை வந்தது. புதிதாக ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்களாம். நோய் முற்ற முற்ற, வைரசு தன் முதற் பிடியைத் தளர்த்திக்கொள்ளுமாம். ஆரம்பத்தில் அந்த 134இன் இரண்டு இடத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டியது, பிறகு ஓர் இடத்தை இலேசாகத் தொட்டாலே போதும் என்று ஆகிவிடுமாம். அதனால் முன்பு புகமுடியாத வேறு கலங்களுக்குள்ளும் போகுமாம்.

"ஏன் அப்பிடி மாறுது?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை," என்றாள். "மாறுறது தெரியும். ஏன் எண்டு தெரியேல்லை."

அவளுடைய கைத்தொலைபேசியை வாங்கிப் புத்தளத்துக்கு எடுத்தேன். ராத்தாதான் எடுத்தார். என் குரலைக் கேட்டதும் அழத் தொடங்கிவிட்டார். சின்னவள் வாங்கினாள். பதினொரு வயதுக்காரியின் குரல், எனக்குப் பழக்கமில்லாத குரல். நான் சொல்ல நினைத்தது நிறைய. என்னைத் தெரிகிறதா என்று மட்டும்தான் கேட்டேன்.

"தெரியும் டீச்சர்," என்றாள். "எப்ப வாறீங்க?"

எனக்குத் தெரியாது என்றேன்.